மதுரையில் வீட்டுக்குள்ளே கடல்நீர்த் தொட்டி: திருக்கை வளர்க்க என்னென்ன வேணும்?

கோச்சடை_மீன்
வணக்கம். கோச்சடையில தனி வீடு. நன்னீர்த் தொட்டி பழக்கம் உண்டு, உப்புநீர் புதுசு. திருக்கை ஒண்ணு வளர்க்க ஆசை. மாடியில 4 அடி கண்ணாடித் தொட்டி காலியா இருக்கு. அதுல குட்டியா விட்டு, வளர வளர தொட்டியைப் பெரிசாக்கலாமா? தண்ணிக்குக் கல்லுப்பு கரைச்சாப் போதுமா? சித்திரை வெயிலை எப்படிச் சமாளிக்கிறது? அவசரம் இல்லை, நேரம் எடுத்துச் செய்யறேன். மீன் சாகக் கூடாது, அவ்வளவுதான்.

உப்புத்தண்ணி
தம்பி, முதல்ல எந்தத் திருக்கைன்னு முடிவு பண்ணுங்க. நம்ம ஊர் அலங்கார மீன் கடைகள்ல "ஸ்டிங்ரே"ன்னு விக்கிறதுல பெரும்பாலும் மோட்டோரோ. அது தென் அமெரிக்க ஆத்து மீன். நன்னீர்லயே பல தலைமுறை வாழ்ந்து, கடல் திருக்கைக்கு இருக்கிற யூரியா சேர்த்து வைக்கிற திறனை இழந்த இனம். உப்புத்தண்ணியில விட்டா செத்துப்போகும். கடைக்காரர் "ரெண்டுலயும் இருக்கும்"னு சொன்னா அங்கே வாங்காதீங்க.

கடல் திருக்கை அப்படியே நேரெதிர். ரத்தத்துல யூரியாவைத் தேக்கி வச்சு கடல்நீரோட அடர்த்தியை ஈடுகட்டுது. உப்பு திடீர்னு குறைஞ்சா உடம்புக்குள்ள தண்ணி ஏறும். சாதாரண கடல் மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தா உப்பைக் குறைச்சு வைத்தியம் பண்ணுவாங்களே, அந்த வழியே இதுக்குக் கிடையாது.

4 அடி தொட்டியை மறந்துடுங்க. வீட்டுக்கு ஓரளவு ஒத்துவர்றது நீலப்புள்ளித் திருக்கை வகைகள்தான். அதுவே தட்டு (வட்டமா விரிஞ்ச உடம்பு) அகலம் 35 சென்டிமீட்டர் வரை வரும், வாலோட சேர்த்து 80 வரை போகும். மத்த சாட்டைவால் திருக்கைகள்ல பல இனம் ஒரு மீட்டர் அகலத்தையும் தாண்டும். குட்டியைப் பார்த்து ஏமாறாதீங்க. நீளம் 8 அடி, அகலம் 4 அடி, உயரம் 2 அடி: இதுக்குக் கீழே தொடங்கவே வேண்டாம். உயரத்தால இதுக்குப் பிரயோஜனம் இல்லை, தரைப் பரப்புதான் கணக்கு. அகலம் 2 அடின்னா திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் மூக்கும் தட்டு விளிம்பும் கண்ணாடியில உரசிப் புண்ணாகும்.

செங்கல்_சூளை
தொட்டி கட்டுற கணக்கை நான் சொல்றேன். 8×4×2 அடி விளிம்பு வரை 1,800 லிட்டர். விளிம்பு விட்டு 50 சென்டிமீட்டர் நிரப்பினாலும் 1,490 லிட்டர். தரையில சதுர மீட்டருக்குத் தண்ணி மட்டும் 510 கிலோ, மணல், கண்ணாடி, ஸ்டாண்டு சேர்த்தா 600ஐத் தாண்டும். வீட்டு மாடித் தளத்தை வழக்கமா சதுர மீட்டருக்கு 200 கிலோ புழங்கு பாரத்துக்குத்தான் கணக்கிட்டுப் போடுவாங்க. மும்மடங்கு! மாடி கூடவே கூடாது. தரைத்தளம், அதுலயும் அடியில செப்டிக் டேங்கோ தண்ணித் தொட்டியோ இல்லாத இடமாப் பாருங்க.

கண்ணாடின்னா 15 மில்லிமீட்டருக்குக் குறையாம, மேல் விளிம்புல சுத்திப் பட்டையும் குறுக்குப் பட்டையும் வச்சு ஒட்டணும். ஒட்ட பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கான். பாத்ரூமுக்கு விக்கிறதுல அந்த மருந்து இருக்கும், மீனுக்கு விஷம்.

கண்ணாடியே வேணும்னு கட்டாயம் இல்லைன்னா 8 அடி விட்டத்துல வட்டமான எஃப்ஆர்பி (ஃபைபர்) தொட்டி போடுங்க. இறால் குஞ்சுப் பண்ணைகளுக்குச் செய்யறவங்க செஞ்சு தருவாங்க. 50 சென்டிமீட்டர் தண்ணிக்கு 2,300 லிட்டர் கிட்ட வரும். மூலையே இல்லாததால திருக்கை நிக்காம சுத்தி வரும், கழிவும் நடுவுல சேரும். திருக்கையோட அழகு மேலிருந்து பார்க்கிறதுலதான் இருக்கு. சிமென்ட் தொட்டி கட்டினா உள்ளே குடிநீர்த் தர எப்பாக்சி ரெண்டு கோட்டு கட்டாயம். பச்சை சிமென்ட் சுண்ணாம்பை விடும், பிஎச் எகிறும். கம்பி உப்புல துரு பிடிச்சா ரெண்டே வருஷத்துல காரை உப்பும்.

கோச்சடை_மீன்
தரைத்தளத்துலயே வச்சுக்கிறேன். ஹால் ஒட்டி ஒரு அறை இருக்கு, வடக்குப் பார்த்த சுவர். கண்ணாடியில 8×4×2 போடறதா வச்சுக்குவோம். தண்ணி விஷயம்? தூத்துக்குடி உப்பு நம்ம ஊருக்கு லாரி லாரியா வருது. அதுவும் கடல்லேர்ந்துதானே எடுத்தது?

மண்டபம்_கடல்
எடுத்தது கடல்லேர்ந்துதான், ஆனா முழுசா எடுக்கலை. உப்பளத்துல தண்ணி வத்தும்போது முதல்ல சுண்ணாம்பு படியும், அடுத்து ஜிப்சம் படியும். அதையெல்லாம் முந்தின பாத்தியிலேயே விட்டுட்டு, தெளிஞ்ச நீரை அடுத்த பாத்திக்கு மாத்திதான் உப்பு எடுக்கிறாங்க. உப்பு விளைஞ்சதும் மிச்சம் நிக்கிற கசப்பு நீரை வடிச்சு விட்டுடுவாங்க. மக்னீசியமும் பொட்டாசியமும் அந்தக் கசப்போட போயிடும். கையில வர்றது சோடியம் குளோரைடு. சமையலுக்கு அதுதான் வேணும், மீனுக்குப் பத்தாது. அதுல தண்ணி கலக்கினா உப்புமானியில அளவு சரியாக் காட்டும், அதை நம்பி மீன் விட்டா பலன் இருக்காது.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கடல் தொட்டிக்குன்னே விக்கிற கலவை உப்பு. தொட்டி 1,450, சம்ப் (தொட்டியோட குழாயால இணைச்ச வடிகட்டித் தொட்டி) 300, மணல் பிடிக்கிற இடம் போக மொத்தம் 1,700 லிட்டர்னு வச்சுக்குங்க. லிட்டருக்கு 36 கிராம் போட்டா 61 கிலோ. அதுக்கப்புறம் வாரம் 10 சதவீதம் மாத்த 170 லிட்டர், 6 கிலோ உப்பு. 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு), அதாவது ஒப்படர்த்தி 1.026 வரணும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகலை வச்சு உப்பளவு காட்டுற கருவி) வாங்குங்க, மிதக்கிற ஊசி உப்புமானி வேண்டாம், குமிழி ஒட்டினாலே தப்பாக் காட்டும்.

இன்னொண்ணு, நேராக் கடல்தண்ணி. தூத்துக்குடிப் பக்கம் எடுக்கலாம், ஆனா துறைமுகம், அனல்மின் நிலையம், ஆத்து முகத்துவாரம் இதுங்களை விட்டு விலகி எடுக்கணும். பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, கலங்கல் அதிகம், ஐப்பசி கார்த்திகையில உப்பும் இறங்கிடும். மழை பெஞ்சு ரெண்டு வாரத்துக்கு எங்கேயும் எடுக்காதீங்க. குட்டியானை வண்டி முக்கால் டன் தாங்கும், அதனால ஒரு நடைக்கு 650 லிட்டருக்கு மேல ஏத்தக் கூடாது. வந்ததும் 5 மைக்ரான் வடிகட்டியில விட்டு, அந்த 650 லிட்டருக்கு 10 சதவீத ஹைப்போகுளோரைட் (குளோரின் கரைசல்) 65 மில்லி போட்டு, ஒரு நாள் காத்தடிச்சு, பிறகு சோடியம் தயோசல்பேட் 45 கிராம் போட்டு முறிக்கணும். குளோரின் சோதனைச் சொட்டு பூஜ்யம் காட்டினா மட்டும் தொட்டிக்குள்ளே.

உப்புத்தண்ணி
மண்டபத்து அண்ணே சொன்னதுல ரெண்டாவது வழியை மதுரைக்காரருக்கு நான் சொல்ல மாட்டேன். தொடக்கத்துக்கு வேணா சரி. வாரா வாரம் 140 கிலோமீட்டர் போய் வர முடியாது, முடியாத வாரத்துலதான் மீன் கழிவுல வர்ற நைட்ரேட் ஏறும். கலவை உப்பையே பழகிக்குங்க.

கலக்குற தண்ணி ஆர்ஓ தண்ணியாத்தான் இருக்கணும், டிடிஎஸ் 10க்குக் கீழே. நம்ம ஊர் போர்த் தண்ணி பல ஏரியாவுல ஆயிரத்தைத் தாண்டும். மாநகராட்சித் தண்ணின்னா முன்னாடி கரி வடிகட்டி கட்டாயம், குளோரின் பட்டா ஆர்ஓ சவ்வு போயிடும். குடிநீர் ஆர்ஓவுல "சுவைக்கு" கனிமம் சேர்க்கிற குழாயும் டிடிஎஸ் கூட்டுற திருகும் இருக்கும், அதை மூடிடுங்க. சில மாடல்ல செம்பு வடிகட்டி வேற வச்சு விக்கிறாங்க, உடம்புக்கு நல்லதுன்னு. திருக்கைக்கு செம்பு எமன்! இதைப் பெரிய எழுத்துல எழுதி அறையில ஒட்டுங்க. பித்தளை வால்வு, செம்புச் சுருள் போட்ட சில்லர் (தண்ணியைக் குளிர வைக்கிற மெஷின்), செம்பு கலந்த மீன் மருந்து எதுவுமே வேண்டாம். ஒரு தடவை செம்பு மருந்து போட்ட பழைய தொட்டியோட சிலிக்கானும் கல்லும் அதைத் தேக்கி வச்சிருக்கலாம், அந்த மாடித் தொட்டியைச் சம்ப்பா மாத்துற எண்ணம் இருந்தா அதையும் யோசிங்க.

மின்கம்பி
வெயில் கணக்கு. வேண்டிய வெப்பம் 24 முதல் 26 டிகிரி. இந்தத் தொட்டி 1,700 லிட்டரை ஒரு டிகிரி ஏத்த கிட்டத்தட்ட 1.9 யூனிட் வெப்பம் போதும். மோட்டார், ஸ்கிம்மர் (கழிவை நுரையாப் பிரிச்செடுக்கிற கருவி) எல்லாம் சேர்த்து 200 வாட் ஓடினா ஒரு நாளைக்கு 4.8 யூனிட். வெளியே போக வழி இல்லைன்னா அது மட்டுமே நாளுக்கு ரெண்டரை டிகிரி ஏத்திடும். மேல 39 டிகிரி வெயில் வேற.

மின்விசிறி வச்சு ஆவியாக்கிக் குளிர வைக்கலாம்னு நிறைய பேர் சொல்வாங்க. ஒரு லிட்டர் ஆவியானா முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவா வெப்பம் போகும், காத்து காஞ்சிருக்கிற பங்குனி சித்திரையில நல்லாவே வேலை செய்யும். ஆனா 28க்குக் கீழே இறங்காது. ஐப்பசி அடைமழையில காத்துல ஈரம் நிறைஞ்சிருக்கும்போது விசிறி சுத்தியும் பயன் இல்லை. அதனால டைட்டானியம் சுருள் வச்ச 1 குதிரைத்திறன் சில்லர் போட்டே ஆகணும். சில்லர் உடம்பை அறைக்கு வெளியே வைங்க. உள்ளே வச்சா தண்ணியில எடுத்த வெப்பத்தை அறையிலேயே கொட்டி, மறுபடியும் தண்ணிக்கே அனுப்பும். தொட்டிக்கு அடியிலும் பின்புறமும் 25 மில்லிமீட்டர் தெர்மாகோல்.

மின்சாரம் போனா சில்லரை விட்டுடுங்க, காத்து மட்டும் நிக்கக் கூடாது. 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒண்ணு, 60 வாட் காத்து மோட்டாரை 12 மணி நேரத்துக்கு மேல தாங்கும். ரெண்டு வருஷம் பழசான பேட்டரின்னா பாதியாக் கணக்கு வைங்க. எல்லா இணைப்புக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா தானா அணையற சுவிட்ச்), எர்த் குழி சரியா இருக்கான்னு அளந்து பாருங்க. உப்புத்தண்ணியில கை விடப்போறீங்க, இதுல மிச்சம் பிடிக்காதீங்க. இன்னொரு காரணமும் உண்டு: திருக்கைக்கு மூக்கைச் சுத்தி மின்சாரம் உணர்ற துளைகள் இருக்கு. மணலுக்குள்ள புதைஞ்ச நண்டோட உடம்பு மின்சாரத்தையே அதை வச்சுக் கண்டுபிடிக்கும். கசியற மோட்டார் உள்ளே இருந்தா சாப்பாட்டுப் பக்கம் வராம ஒரே மூலையில ஒதுங்கி நிக்கும். மோட்டாரெல்லாம் சம்ப்ல, தொட்டிக்குள்ள ஒண்ணும் கூடாது.

தேனூர்_அக்கா
ஆவியாகிறதைப் பத்தி ஒரு வார்த்தை. தண்ணிதான் போகுது, உப்பு தொட்டியிலேயே நிக்குது. நாளுக்கு 17 லிட்டர் வத்தினா ஒரு சதவீதம், 35 இருந்தது 35.35 ஆகும். ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தா 37.5. அதனால வத்தினதுக்கு வெறும் ஆர்ஓ தண்ணிதான் ஊத்தணும், உப்புத்தண்ணி இல்லை. சம்ப்ல மிதவை வால்வு வைங்க, பிளாஸ்டிக் வால்வு. மேல வைக்கிற ஆர்ஓ டிரம் 50 லிட்டருக்கு மேல வேண்டாம். வால்வு சிக்கி முழுசும் இறங்கினாலும் 50 லிட்டர் 3 சதவீதம்தான், மீன் தாங்கும். 500 லிட்டர் சின்டெக்ஸை நேரா இணைச்சா ஒரு ராத்திரியில கதை முடிஞ்சிடும்.

மாத்தி எடுக்கிற உப்புத்தண்ணியை மழைநீர் சேகரிப்புக் குழியில ஊத்திடாதீங்க, உங்க போரும் பக்கத்து வீட்டுப் போரும் சேர்ந்து கெடும். செடிக்கும் வேண்டாம். தென்னைக்கு உப்பு வைப்பாங்களேன்னு கேப்பீங்க. வாரம் 6 கிலோ வருஷம் பூரா அதே குழியில விழுந்தா மண்ணு இறுகிப்போயிடும். பாதாளச் சாக்கடை இணைப்புக்குத்தான் விடணும். ஆர்ஓ கழிவுத் தண்ணி வேற, அது கழுவித் துடைக்க ஆகும்.

உப்புத்தண்ணி
மணல். ஆத்து மணல் வேண்டாம், வண்டலும் இரும்புத் துகளும் இருக்கும். கடற்கரை மணலை அள்ளவே அள்ளாதீங்க. நீச்சல் குள வடிகட்டிக்கு விக்கிற சிலிக்கா மணல், 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர், உருண்டையா இருக்கணும். கன்னத்துல வச்சுத் தேய்ச்சுப் பாருங்க, உங்களுக்கு உறுத்தினா அதுக்கும் வயிறு கீறும். நொறுக்கின பவளக் கல்லு அதனாலதான் ஆகாது. 5 சென்டிமீட்டர் கனம் முழுத் தரைக்கும் 220 கிலோ வரும். முக்கால் பாகத்துக்கு மணல் போட்டு, கால் பாகம் வெறும் தரையா விடுங்க, சாப்பாடு அங்கே போட்டா மிச்சத்தை உறிஞ்சி எடுக்கலாம்.

கல் வச்சா மணல் மேல வைக்காதீங்க. அடிக்கண்ணாடியில ஒட்டி, பிறகு சுத்தி மணல் போடுங்க. திருக்கை அடியில தோண்டும், கல் சரிஞ்சு அது மேலேயே விழும்.

மண்டபம்_கடல்
கல்லுன்னதும் ஒண்ணு சொல்லணும். மன்னார் வளைகுடாப் பவளக்கல் "செத்த கல்லுதானே"ன்னு சில பேர் தருவாங்க. கல்லுப் பவளம் எல்லாமே 2001லிருந்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. செத்த துண்டும் வழக்குதான். சுட்ட மண் வளையம், செராமிக் துண்டு போதும். திருக்கையிலும் முள்ளந்திருக்கை, கங்கைத் திருக்கை மாதிரி சில இனம் அப்போதிலிருந்தே தடை. அட்டவணையை 2022 திருத்தத்துல மாத்தி எழுதினாங்க, 2023 ஏப்ரலிலிருந்து அமல். அதனால பழைய பட்டியலை வச்சு யாராவது பேசினா நம்பாதீங்க. வாங்கப்போற இனத்தோட அறிவியல் பெயரை எழுதி ராமநாதபுரம் வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்துல எழுத்து மூலமாக் கேளுங்க. 21 தீவும் தேசியப் பூங்கா, அங்கிருந்து பிடிச்சதுன்னா எந்த இனமா இருந்தாலும் குத்தம்.

கோச்சடை_மீன்
கேட்டுடறேன் அண்ணே. தொட்டியைப் பழக்கப்படுத்த எத்தனை நாள்? நன்னீருக்கு நான் ஒரு மாசம் விடுவேன். நவச்சாரம் போட்டு ஓட்டலாம்னு படிச்சேன், கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில கிடைக்குமே?

உப்புத்தண்ணி
நவச்சாரம் அமோனியம் குளோரைடுதான், கடைச் சரக்குல வேற என்ன கலந்திருக்குன்னு தெரியாது. ஆய்வகத் தரத்துல 100 கிராம் டப்பா வாங்குங்க, விலை அதிகம் இல்லை. 11 கிராம் போட்டா உங்க 1,700 லிட்டர் தண்ணியில லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா வரும். தொட்டியில வளர்ற நுண்ணுயிர் அதை முறிக்கும்: முதல்ல நைட்ரைட் ஏறும், பிறகு நைட்ரேட். 11 கிராம் போட்டு 24 மணி நேரத்துல அமோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டும் பூஜ்யம் காட்டணும். அது 4 வாரத்துல வரலாம், 8 வாரமும் ஆகலாம். வந்த பிறகும் தினம் அதே அளவு போட்டு இன்னும் ரெண்டு வாரம் ஓட்டுங்க. திருக்கை தின்னுறதும் கழியறதும் அந்த அளவுக்கு இருக்கும்.

ஸ்கிம்மர் 3,500 லிட்டர் தொட்டிக்குன்னு எழுதியிருக்கிறதா எடுங்க, அட்டையில போட்டிருக்கிற அளவுல பாதிதான் உண்மை. சம்ப் மோட்டார் மணிக்கு 10,000 லிட்டர். உறிஞ்சு வாய்க்குப் பெரிய பிளாஸ்டிக் கூடை போட்டு மூடுங்க, வால் முள் சிக்கும்.

நைட்ரேட் 20க்குள்ள இருக்கணும். திருக்கைக்கு அது நேரடி விஷம் இல்லை, ஆனா அயோடினை உடம்பு எடுத்துக்காமத் தடுக்கும், நாள்பட தொண்டையில கழலை வீங்கும். அமோனியா முறியும்போது காரத்தன்மையும் குறைஞ்சுக்கிட்டே வரும். 8 டிகேஎச்சுக்கு (காரத்தன்மை அளக்கிற டிகிரி) கீழே போனா ஆப்ப சோடா 50 கிராம் ஒரு டிகிரி ஏத்தும், தனியாக் கரைச்சு சம்ப்ல ஊத்துங்க, ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல வேண்டாம்.

தேனூர்_அக்கா
தீனி. கரிமேட்டு மீன் மார்க்கெட்டுல இறால், கணவாய், மட்டி எல்லாம் வாங்கலாம், ஆனா ஐஸ் உருகி மறுபடி உறைஞ்சது வேண்டாம். செவுளைத் தூக்கிப் பாருங்க, மருந்து வாடை அடிச்சா விட்டுடுங்க. வீட்டுக்கு வந்ததும் ஒரு வேளை அளவாப் பொட்டலம் கட்டி உறைய வைங்க. நெத்திலி, சாளை மட்டுமே போடாதீங்க, அதுல வைட்டமின் பி1-ஐ அழிக்கிற நொதி இருக்கு, மாசக்கணக்குல போட்டா நரம்பு தளரும். வாரம் ரெண்டு நாள் இறாலுக்குள்ள பி1 மாத்திரைத் துணுக்கைச் செருகிக் கொடுங்க. வளர்ற குட்டிக்கு உடல் எடையில 3 சதவீதம் தினமும், ரெண்டு வேளையாப் பிரிச்சு.

புதுசா வந்தது ஒரு வாரம் சாப்பிடாம இருக்கும். உயிரோட இருக்கிற கடற்புழு, சின்ன இறால் போட்டுப் பாருங்க. நீலப்புள்ளி ரிப்பன்வால் திருக்கை சாப்பிட மறுத்தே சாகறது அதிகம். அதனாலதான் சொல்றேன், விக்கிறவர் முன்னாடி மூணு தடவை தின்னறதைப் பார்த்த பிறகு காசு கொடுங்க. மேலிருந்து பார்த்தா வால் தொடங்குற இடத்துல ரெண்டு பக்கமும் இடுப்பெலும்பு துருத்திக்கிட்டுத் தெரிஞ்சா அது பட்டினி கிடந்தது. தட்டு விளிம்பு எண்ணெயில போட்ட அப்பளம் மாதிரி மேல் பக்கமா சுருண்டு நின்னா அதை எடுத்துட்டு வரவே வேண்டாம், பிழைக்காது. அடிவயிறு வெளேர்னு இருக்கணும், செந்திட்டு இருந்தா அமோனியா சுட்டிருக்கு.

மின்கம்பி
கூட வேற மீன் விடறதா இருந்தா கிளாத்தியும் பேத்தையும் கூடாது, தட்டு விளிம்பைக் கடிச்சே புண்ணாக்கும். மண்டபத்துல சிஎம்எஃப்ஆர்ஐ (மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்) ஆய்வு மையத்துல கோமாளி மீனைப் பொரிக்க வைக்கிறாங்க. அந்த மாதிரி வளர்ப்புக் கோமாளிகளை விட்டு முதல் ஆறு மாசம் தொட்டியை ஓட்டுங்க. சித்திரையையும் ஐப்பசியையும் ஒரு சுத்து தாண்டின பிறகு திருக்கை. அப்போ கோமாளிகளைச் சம்ப்புக்கோ வேற தொட்டிக்கோ மாத்திடணும், ராத்திரியில தின்னுடும்.

கோச்சடை_மீன்
சரி, அடுத்த ஐப்பசி வரைக்கும் கோமாளிதான். முள்ளைப் பத்திக் கேக்கணும். வீட்டுல எட்டு வயசுப் பையன் இருக்கான். முள்ளை வெட்டி விட்டா என்ன?

மண்டபம்_கடல்
வெட்டினா மறுபடி முளைக்கும், வெட்டின புண்ணு வழியா நோய் ஏறும். விட்டுடுங்க. முள் வாலோட மேல்புறத்துல இருக்கு, ரெண்டு ஓரமும் வாள் பல்லு, மேல விஷத் தோல். திருக்கை தேடி வந்து குத்தாது, மிதிச்சாலோ பிடிச்சாலோதான் வால் திரும்பும். தொட்டிக்கு மேல சட்டம் போட்ட வலை மூடி, பூட்டோட. திருக்கையும் சுவர் ஏறி வெளியே விழும், அதுக்கும் அந்த மூடிதான் காவல். சுத்தம் பண்ணும்போது நீளக் கைப்பிடி, தீனி போட நீள இடுக்கி. பையன் பக்கத்துல இருக்கும்போது மூடியைத் திறக்காதீங்க.

குத்திட்டா: ரத்தம் நிறுத்தி, கை தாங்குற அளவு வெந்நீர்ல, 43 முதல் 45 டிகிரி, 30லிருந்து 90 நிமிஷம் முக்கி வைக்கணும். சூடு அந்த விஷத்தை முறிக்கும், வலி குறையும். சூட்டைக் குத்துப்படாத கையால சோதிங்க, குத்துப்பட்ட இடம் மரத்திருக்கும், வெந்தாலும் தெரியாது. பிறகு பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ போய் எக்ஸ்ரே, டெட்டனஸ் ஊசி. உள்ளே பல்லு உடைஞ்சு நிக்கும், பார்வைக்குத் தெரியாது. மார்புலயோ வயித்துலயோ கழுத்துலயோ குத்தி முள் நிக்குதுன்னா உருவாம அப்படியே கொண்டு போங்க.

கோச்சடை_மீன்
கடைசியா ஒண்ணு. தூத்துக்குடியிலிருந்து கொண்டு வர்றது எப்படி? ஆக்சிஜன் பை போதுமா?

உப்புத்தண்ணி
பை கூடாது, முள் கிழிச்சிடும். வாய் அகலமான 200 லிட்டர் மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டி, தட்டு விரிச்சுப் படுக்கிற அளவு. மணல் வேண்டாம், வெறும் அடி. பாதி தண்ணி, பேட்டரி காத்து மோட்டார் ரெண்டு, ஒண்ணு நின்னா இன்னொண்ணு. ரெண்டு நாள் பட்டினி போட்டு அனுப்பச் சொல்லுங்க, வழியில கழிஞ்சா அமோனியா ஏறும். விடியக்காலை மூணு மணிக்குக் கிளம்பினா வெயில் ஏறுறதுக்குள்ள வந்திடலாம். வெளியே தெர்மாகோல், மேல ஈரச் சாக்கு.

எடுத்து மாத்தும்போது வலை போடாதீங்க, முள் மாட்டினா ரெண்டு பேருக்கும் கஷ்டம். தண்ணிக்குள்ளேயே அகலமான டப்பை அடியில நுழைச்சு தண்ணியோட தூக்குங்க. தலைக்கு மேல இருக்கிற மூச்சுத் துளையில விரலை விட்டுத் தூக்குறதைப் பார்த்திருப்பீங்க, அது செத்த மீனைத் தூக்குற விதம். வீட்டுக்கு வந்ததும் காத்துக் குழாயில முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டா தொட்டித் தண்ணியை ரெண்டு மணி நேரம் விடுங்க. விளக்கு அணைச்சிருக்கட்டும். கொண்டு வந்த தண்ணியில ஒரு குவளை கூட உங்க தொட்டிக்குள்ள போகக் கூடாது. அந்தப் பிளாஸ்டிக் தொட்டியை வாங்கினதும் சோப்பு போட்டுக் கழுவாதீங்க, வெறும் தண்ணியில நாலு தரம் அலசி, வெயில்ல ரெண்டு நாள் காய வைங்க.